துப்பாக்கிக்குப் பத்தியம் வைத்த மிஸ்ஸி

மலேசியாவில் எங்கள் குளுவாங் வட்டாரத்தில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ள யாரும் மிஸ்ஸியிடம் வாய் கொடுத்து ஜெயித்ததில்லை. அவர்களில் பாதிப்பேரைத் தலைகீழாகப் பிடித்து, முதுகில் தட்டி, முதல் அழுகையை வரவழைத்தவர் அவர். மீதிப் பாதிப்பேருக்கு ஊசி போட்டவர். நீங்கள் எவ்வளவு பெரிய மானேஜர் ஆகியிருந்தாலும், உங்களை அந்தக் கோலத்தில் பார்த்த ஒருவரிடம் குரலை உயர்த்த முடியாது.

எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். பிரசவ வார்டிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் மிஸ்ஸிதான். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைக் கேட்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை. ஓய்வு பெற்றும் நர்ஸ்கள் சட்டையில் தலைகீழாகக் குத்திக்கொள்ளும் சின்னக் கடிகாரத்தை அவர் கழற்றவில்லை.

அப்போது நான் ரெங்கம் சாலையில் இருந்த ஒரு சின்னத் துப்பாக்கி கிளப்பில் உறுப்பினன். கிளப் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, பத்து மீட்டர் நீளம், ஒரு இரும்பு அலமாரி, அதற்குள் ஒரே ஒரு ஏர் பிஸ்டல். காற்றால் ஈயக் குண்டைத் தள்ளுகிற துப்பாக்கிதான் என்றாலும் இங்கே அதற்கும் போலீஸ் லைசென்ஸ் வேண்டும். ஆகவே போட்டிக்குத் தவிர அது கிளப்பை விட்டு வெளியே போகாது. தலைவர் லோரி அண்ணன். லோரி வொர்க்‌ஷாப் வைத்திருந்தார். உருவமும் ஏறக்குறைய லோரிதான்.

மிஸ்ஸியின் வீடு கிளப்புக்குப் பின்னால். ஒரு மத்தியானம் புகார் சொல்ல வந்தார்.

"யாரு இங்க தலைவர்? மனுஷங்க தூங்க வேணாமா? என்னா சத்தம் இது?"

"ஏர் பிஸ்டல்லா மிஸ்ஸி. சும்மா காத்துதான்," என்றார் லோரி அண்ணன்.

"காத்து ஏன் இருமுது?"

உண்மைதான். அந்தப் பழைய பிஸ்டல் இருமிக்கொண்டுதான் இருந்தது. மிஸ்ஸி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழாயில் துரு. பிடியில் எங்கள் எல்லாருடைய வியர்வையும் சேர்ந்து ஒரு பிசுக்கு.

"இத யாரு பார்த்துக்கிறா?"

யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. மறுநாள் அவர் பழைய துணியோடு வந்தார். பிறகு தினமும் வந்தார். முறைப்படி லைசென்ஸில் பெயர் சேர்த்ததும் அலமாரிச் சாவி அவர் இடுப்புக்குப் போய்விட்டது. புகார் என்ன ஆனது என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் நாக்கு எழவில்லை.

அவர் எவ்வளவு பார்த்தும் அந்தப் பழைய பிஸ்டல் ஒருநாள் உள்ளே ஸ்பிரிங் முறிந்து ஓய்ந்தது. சிகாமட்டில் கிளப்புகளுக்கிடையே போட்டி நெருங்கிக்கொண்டிருந்த சமயம். அங்கும் இங்கும் அலைந்து புதிதாக ஒன்று வரவழைத்தோம். பெட்டியைத் திறந்ததும் லோரி அண்ணன் ஆசை தாங்காமல் எடுத்தார், குழாயை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றினார், வெறுமனே ஒருமுறை விசையை அழுத்திப் பார்க்கப் போனார். மிஸ்ஸி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"குண்டு போட்டியா?"

"இல்ல மிஸ்ஸி, சும்மா..."

"குண்டு இருந்தாத்தான் காத்து அதுமேல அழுந்தி நிக்கும். இல்லன்னா ஸ்பிரிங் தள்ளுற தள்ளுல பிஸ்டன் நேரா போயி உள்சுவத்துல முட்டும். உன் தலைய முட்டிக் காட்டவா?"

லோரி அண்ணன் தலையைத் தடவிக்கொண்டு பிஸ்டலைக் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து துப்பாக்கிக்குப் பத்தியம். பிஸ்டல் பழகி அடங்கும்வரை மிஸ்ஸியைத் தவிர யாரும் சுடக்கூடாது; போனால் போகிறதென்று எனக்கு மட்டும் எப்போதாவது நாலைந்து குண்டு. தொடும் எவரும் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவ வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த, டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதரும் தங்கக் கடிகாரத்தைக் கழற்றிவைத்துவிட்டுக் கழுவினார். குழாயைத் துடைக்க, குழந்தைகளுக்குக் கட்டும் பருத்தி நாப்பி. அதைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருந்தார். முதல் சில நாட்கள் சுடும்போதெல்லாம் குழாயிலிருந்து புகை வந்தது. நான் பயந்துபோனேன்.

"ஃபேக்டரில போட்ட எண்ணெய் எரியுது தம்பி. புதுசுன்னா அப்படித்தான். எல்லாம் வெளிய வரட்டும். அதுவரைக்கும் குறி சரியில்லன்னு திருகாணிய நோண்டாதீங்க."

ஸ்பிரிங்கை ஏற்றிவிட்டுச் சும்மா வைத்திருப்பது அவர் அகராதியில் பெரிய பாவம். ஒருநாள் நான் ஏற்றி முடித்த நேரம் பார்த்து என் கைபேசி அடித்தது. மிஸ்ஸி அதை எடுத்தார்.

"அவன் இப்ப பேச மாட்டான். ஸ்பிரிங்கு காத்துக்கிட்டு இருக்கு."

அழைத்தவர் என் மேலதிகாரி. மறுநாள் அலுவலகத்தில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ஸ்பிரிங் என்பது யார், வீட்டில் தெரியுமா என்று மெதுவாக விசாரித்தார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, மிஸ்ஸி ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்வரை. தலைவர் என்ற முறையில் லோரி அண்ணனிடம் இன்னொரு சாவி இருந்தது. பிஸ்டலை எடுத்துச் சுட்டவருக்கு அது வறண்டு கிடப்பதாகத் தோன்றியது. எஞ்சின்களோடு வாழ்க்கை நடத்தியவர், மனம் கேட்கவில்லை. பின்பக்கம் காற்று வரும் துளையில் எஞ்சின் ஆயிலைச் சொட்டு சொட்டாக விட்டார். விசையை அழுத்தினார்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது. அழுத்திய காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டு வெடித்தது. முன்னால் இருந்த கோப்பிக் கடையில் மேசைகள் காலியாகின. கூரையில் இருந்த புறாக்கள் காஹாங் வரை போயிருக்கும். நீலப் புகைக்கு நடுவில் லோரி அண்ணன் மட்டும் அசையாமல் நின்று, "அலமாக்," என்று மலாயில் ஐயையோ போட்டார்.

யாரோ போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். சார்ஜன் ஒருவர் வந்தார், தமிழர், மீசைக்காரர். அதே நேரம் நெற்றியில் திருநீறும் கையில் சுண்டலுமாக மிஸ்ஸியும் வந்து சேர்ந்தார்.

"ஏர் பிஸ்டல் சத்தம் மாதிரி இல்லன்னு கம்ப்ளெய்ன். இத நான் எடுத்துட்டுப் போகணும். லைசென்ஸும் போயிரும்," என்றார் சார்ஜன்.

மிஸ்ஸி அவர் முகத்தையே பார்த்தார். "நீ சரோஜா மவன்தானே? தலைக்குப் பதிலா கால நீட்டிக்கிட்டு வந்தவன்."

சார்ஜனின் தொப்பி தானாகக் கைக்கு வந்தது. "நான் டூட்டில இருக்கேங்க," என்றார், பாதிக் குரலில்.

அந்தப் பிடியை வைத்து மிஸ்ஸி அவரை விரட்டிவிடுவார் என்றுதான் நினைத்தோம். அவர் சுண்டலைக் கீழே வைத்தார்.

"தப்பு எங்க மேலதான். உள்ள எண்ணெய் போயிருச்சு, அதான் வெடிச்சிருக்கு. சுத்தம் பண்ணிட்டா இந்தச் சத்தம் வராது. நீயே வந்து கேளு. வந்துச்சுன்னா நானே சாவியத் தர்றேன்."

சார்ஜன் யோசித்தார். ஒரு வாரம் கழித்து வருவதாகவும், அதற்குள் இன்னொரு புகார் வந்தால் அலமாரிக்குச் சீல்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார். சீல் வைத்தால் சிகாமட் இல்லை. கிளப்பும் இல்லை.

மிஸ்ஸி லோரி அண்ணனைத் திட்டவே இல்லை. அதுதான் எங்களைக் கலக்கியது. அந்தப் பெரிய மனிதர் மறுநாள் கருவிப்பெட்டியோடு வந்து, யாரும் சொல்லாமலே முழங்கைவரை கழுவிக்கொண்டு நின்றார்.

"மிஸ்ஸி, ஸ்பிரிங்க அழுத்திப் பிடிக்க ஒரு கிளாம்ப் செஞ்சிட்டு வந்திருக்கேன். நான் கழட்டுறேன். நீங்க பக்கத்துல நின்னா போதும்."

"நடுங்காம கழட்டு. ஸ்பிரிங் எகிறுனா மூக்கு போயிரும்."

இருவரும் வேலையில் இறங்கினார்கள். காற்று கசியாமல் அடைக்கும் பிஸ்டன் வளையம் ஓரத்தில் லேசாகக் கருகியிருந்தது, கிழியவில்லை. மிஸ்ஸி அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "பொழைச்சுக்கும்," என்றார். லோரி அண்ணன் வெளியே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். எண்ணெயைத் துளிகூட விடாமல் துடைத்து, இதற்கென்றே இருக்கிற சிலிக்கான் பசையை விரல் நுனியால் தடவி மூடினார்கள்.

பத்தியம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இந்த முறை மிஸ்ஸி எனக்குக்கூடத் தரவில்லை. மத்தியானம் முழுக்க அவரே சுட்டார். ஒவ்வொரு குண்டையும் விரலில் உருட்டிப் பார்த்து, விளிம்பு நசுங்கியதை ஒதுக்கிவிட்டு, மற்றதைப் போட்டுச் சுட்டார். பிடியை இறுக்காமல், பச்சைப் பிள்ளையின் தலையைத் தாங்குவது போலப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சத்தத்தை மட்டும் கேட்டார். நல்ல இலக்குத் தாளை வீணாக்க வேண்டாமென்று எதிரே மளிகைக்கடைக் காலண்டர் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். அதில் ஒரு அரிசி மூட்டைப் படம்.

சொன்னபடி சார்ஜன் வந்தார். மிஸ்ஸி சுட்டார். டொக். அவ்வளவுதான்.

"இதுவா?"

"இதுதான்."

சார்ஜன் தலையாட்டினார். கிளம்பியவர் காலண்டர் பக்கம் போய் நின்றுவிட்டார். "இது யாரு சுட்டது?"

நாங்களும் போய்ப் பார்த்தோம். அரிசி மூட்டையின் நடுவில் ஒரே ஒரு ஓட்டை. அத்தனை நாள் சுட்ட அத்தனை குண்டும் அதன் வழியாகவே போயிருந்தன. எங்கள் கிளப்பின் வரலாற்றில் அப்படிச் சுட்டவர் யாருமில்லை.

"நான் குறி பாக்கலயே. சத்தத்ததான் கேட்டுட்டு இருந்தேன்," என்றார் மிஸ்ஸி.

சிகாமட்டுக்கு அவரைக் கிளப்புவதற்குள் எங்கள் தாவு தீர்ந்துவிட்டது. "நான் பார்த்துக்க வந்தவ, சுட வந்தவ இல்ல," என்று ஒரே பிடிவாதம். கடைசியில், வேறு யார் கையிலாவது பிஸ்டலைக் கொடுக்கச் சம்மதமா என்று லோரி அண்ணன் கேட்டார். அடுத்த நிமிடம் மிஸ்ஸி வேனில் ஏறினார்.

அங்கே பாதிப் போட்டிவரை மிஸ்ஸிதான் முதலிடம். இரண்டாவதாகப் பக்கத்துத் தடத்தில் காஹாங்கிலிருந்து வந்த ஒரு டீச்சர். திடீரென்று மிஸ்ஸி சுடுவதை நிறுத்தினார். பிஸ்டலில் குண்டு இல்லை என்று உறுதி செய்து கீழே வைத்துவிட்டு நடுவரைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு பிஸ்டல்ல ஒரு திருகாணி ஆடுது. சத்தம் கேக்குது. முடுக்கச் சொல்லுங்க."

டீச்சரிடம் திருகுளி இல்லை. மிஸ்ஸி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எப்படி முடுக்குவது என்றும் பக்கத்தில் நின்று சொன்னார். டீச்சருக்கு அந்த நேரத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். தானாக நிறுத்திய மிஸ்ஸிக்குக் கூட்டவில்லை. மிச்சக் குண்டுகளை அவசரமாகச் சுட்டதில் அவர் முதலிடத்திலிருந்து சரிந்தார். டீச்சர் கோப்பையோடு வந்து மிஸ்ஸியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் லோரி அண்ணனால் பொறுக்க முடியவில்லை. "ஜெயிக்கிற நேரத்துல ஏன் மிஸ்ஸி இப்படி?"

"பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி முனகுனா, அவ என் பேஷண்ட் இல்லன்னு இருக்க முடியுமாலா?"

அப்புறம் மடியில் பிஸ்டல் பெட்டியை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். லோரி அண்ணன் ரேடியோவை அணைத்துவிட்டு, குழி வந்த இடத்திலெல்லாம் வேனை ஊர்ந்து செலுத்தினார்.

இப்போது மிஸ்ஸி மகளோடு ஸ்கூடாயில் இருக்கிறார், அலமாரிச் சாவி என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை தவறாமல் எனக்கு அழைப்பு வரும். கைரேகையைத் துடைத்தேனா, ஸ்பிரிங்கை இறக்கி வைத்தேனா, மழைக்காலமாயிற்றே, அலமாரிக்குள் ஈரம் ஏறவில்லையே என்று வரிசையாகக் கேட்பார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னால் கடைசியில், "நீ சாப்பிட்டியா தம்பி?" என்பார்.

துப்பாக்கிக்கு அடுத்த இடம்தான். எனக்கு அது போதும்.