மேல்மாடிக்குக் கோப்பு அனுப்பிய படலம்

வாழ்க, குளிர்சாதன அறையின் கோமான்! வெளியே வெயில் கொளுத்தும் நாளிலும் கம்பளிச் சட்டை கழற்றாத மாவீரன், பழம்பெரும் மெயின்ஃபிரேம் கணினியின் மெய்க்காவலன், அலுவலகமே 'குளிர்மாமா' என்றழைக்கும் ஆபரேட்டர், அவன் புகழைப் பாடப் புகுந்தோம்; நாவே, நடுங்காதே.

நெடிதுயர்ந்த அந்த இயந்திரத்தின் கோப்புகளை மேல்மாடிக் கணினிகளுக்குச் சேர்க்க, அவற்றைப் பதிந்த டேப்பைக் கக்கத்தில் இடுக்கி நாள்தோறும் படியேறியவன் அவனே. மூட்டுவலி என்னும் கொடும்பகை முழங்காலில் முகாமிட்டதால், மனைவியின் தம்பியும் நெட்வொர்க் பொறியாளனுமான மைத்துனனைத் துணைக்கழைத்து, ஈதர்நெட் கேபிள் என்னும் நீலநிற நாகத்தைச் சுவர்வழி இழுத்துவந்து மெயின்ஃபிரேமின் முதுகில் பூட்டினான். மேலாளர் பிரகடனம் செய்தார்: "மத்தியானத்துக்குள்ள வேகத்தை நான் கண்ணால பாக்கணும். இல்லேன்னா கேபிளைக் கழட்டிட்டு, பழையபடி டேப்புதான்." அதைக் கேட்டு முழங்கால்கள் இரண்டும் மூர்ச்சையுற்றன.

கோப்பு புறப்பட்டது. அந்தோ, சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்லும் அக்கோப்பின் ஒவ்வொரு பொட்டலமும் மெயின்ஃபிரேமின் மூளையாம் பிராசஸரின் கதவைத் தட்ட, சோற்றில் கைவைக்கும் போதெல்லாம் அழைப்புமணி கேட்டு எழுந்தோடும் குடும்பஸ்தனைப் போல் அது அல்லாடியது. அதே பிராசஸரை நம்பியிருந்த கீழ்த்தளக் கவுன்ட்டர்களில் திரைகள் உறைந்தன. வரிசையில் நின்றோர் முணுமுணுத்தனர். களநிலவரம் அறியவேண்டி, கணந்தோறும் வேகம் காட்டும் கண்காணிப்புத் திரையை நம் வீரன் திறந்தான். வேகம் சரிந்தது. ஏன் சரிந்தது என்றறிய இன்னொரு திரையைத் திறந்தான், வேகம் படுத்தது. மற்றுமொன்றைத் திறந்தான், படுத்த வேகம் போர்வையும் போர்த்திக்கொண்டது.

அப்போது மூச்சிரைக்க ஓடிவந்த மைத்துனன் மொழிந்தான்: "அத்தான், நீங்க தொறந்து வச்சிருக்கிற ஸ்கிரீனுங்கதான் பிராசஸரைத் தின்னுது. எல்லாத்தையும் மூடுங்க."

மூடினான். மூடிய கணமே மடை திறந்த வெள்ளமெனப் பொட்டலங்கள் பாய்ந்தன, கேபிள் பூட்டிய இடத்துச் சிறுவிளக்கு இமைகொட்டி இமைகொட்டிக் களிகூர்ந்தது, கவுன்ட்டர்கள் உயிர்பெற்றன, மேல்மாடியிலிருந்து, கோப்பு கொட்டோ கொட்டென்று கொட்டுவதாகத் தொலைபேசித் தூது வந்தது. குளிர்மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இனி வாழ்நாளில் அந்தப் படிகளை ஏறவேண்டாம் என்ற சந்தோஷம் அது.

வெற்றித்திருமகள் மாலையோடு நெருங்கிய அவ்வேளை, கதவைத் தள்ளிக்கொண்டு மேலாளர் எழுந்தருளினார். வெறுந்திரையைக் கண்டு புருவம் நெரித்தார். "எங்க வேகம்? காட்டுங்க."

"பாத்தா கொறைஞ்சிடும் சார்" என்றான் மைத்துனன். அவையில் இப்படியொரு சொல் ஒலித்தால் எந்த மேலாளர்தான் நம்புவார்? அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார். திசையெட்டும் திகைக்க, தெய்வமெல்லாம் முகம் திருப்ப, குளிர்மாமா கண்காணிப்புத் திரையைத் திறந்தான்.

சாயங்காலம் கேபிளைக் கழற்றிவிட்டார்கள்.