ஐந்தரைக் கிலோவும் அப்பாவின் கொசுறும்

எங்கள் வீட்டில் எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார்கள். அப்பாவுக்குத் தாராவியில் மளிகைக்கடை. டிஜிட்டல் காட்டா, அதாவது எடை மெஷின், ஒன்று கடையில் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அப்பா நம்புவது பழைய தராசைத்தான். இப்படிப்பட்ட மனிதரிடம் போய், "அப்பா, என் ரைபிள்ல எடை சரியா அமையல" என்று சொன்னேன் பாருங்கள், என்னைப் போல அறிவாளி அன்றைக்கு மும்பையிலேயே இருந்திருக்கமாட்டாள்.

நான் அப்போது ஏர் ரைபிள் சுட்டுக்கொண்டிருந்தேன். (தெருவில் 'ஜெசி துப்பாக்கி வச்சிருக்கா' என்று செய்தி பரவி, வந்துகொண்டிருந்த வரன்களெல்லாம் திரும்பிப் போனது தனிக்கதை.) நின்றபடி, பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையில் நடுப்புள்ளியைச் சுட வேண்டும். ஆளும் ஆடக்கூடாது, துப்பாக்கியும் ஆடக்கூடாது. துப்பாக்கி கனமாக இருந்தால் குறைவாக ஆடும். ஆனால் ஐந்தரைக் கிலோவைத் தாண்டினால் போட்டிக்குள் விடமாட்டார்கள். என்னுடையது செகண்ட்ஹேண்ட், எடை குறைவு. ஆகவே எடை கூட்ட வேண்டும். இதுவரைக்கும் எனக்குப் புரிந்தது.

எங்கே கூட்டுவது என்பதில்தான் என் மூளை கலங்கிவிட்டது. எங்கள் பயிற்சியாளர் ஸாவந்த் சார், "முன்னால் போடு, குழல் அசையாது" என்றார். போட்டேன். குழல் அசையவில்லை, என் இடுப்புதான் உடைந்தது. "அரே, முன்னால் ரொம்ப பாரி, கனமாயிடுச்சு, பின்னால் போடு" என்றார். போட்டேன். பின்பக்கம் இரும்பு வில்லையை மாட்டியதும் குழல், கோயிலில் பிரசங்க நேரத்துப் பிள்ளை மாதிரி நெளிய ஆரம்பித்தது. கடைசியில், "உன் இடது கைமேல் சமமாக உட்காரணும். ஆனால் கொஞ்சம் முன்பக்கம் இழுக்கணும்" என்றார்.

"கொஞ்சம்னா எவ்வளவு சார்?"

"அது உனக்கே தெரியும்."

எனக்கே தெரிந்தால் நான் ஏன் ஐயா உங்களிடம் வருகிறேன்! சமமாகவும் இருக்க வேண்டுமாம், சாயவும் வேண்டுமாம். பஸ்ஸில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இதையே யோசித்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு டிராம்பே வரை போயிருக்கிறேன்.

இதற்கிடையில் அம்மா ஒரு கெடு வைத்தாள். "ஏளா, இந்த செலக்ஷன்ல பேரு வந்தா நீ சுடு, எங்கன வேணாலும் போயிச் சுடு. வரலன்னா அத பரண்ல போட்டுட்டு பேங்க் பரிச்சைக்குப் படி. வேற பேச்சே கிடையாது." மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு அது. அதில் தோற்றால் என் துப்பாக்கிக் காலம் முடிந்தது என்று அர்த்தம். அதனால்தான் அப்பாவிடம் போனேன்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை அடைத்துவிட்டு வேலையில் இறங்கினார். வாழைத்தார் தொங்கும் கொக்கியில் ரைபிளைச் சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார். முன்பக்கம் மேலே போயிற்று. "இம்புட்டுதானளா? இதுக்கா அந்த சாரு இத்தன நாளா மண்டய ஒடைக்காரு?" என்றபடி ஒரு இருநூறு கிராம் எடைக்கல்லை எடுத்து, குழாய் ஒழுகினால் அடைக்கிற பசையை அப்பி, குழலுக்கு அடியில் ஒட்டிவிட்டார். இரும்புக்கல், அரசாங்க முத்திரை போட்டது. "சர்க்கார் சீலு. தப்பு வராது" என்றார்.

பிறகு பெரிய தராசில் ஒரு தட்டில் ஐந்து கிலோக் கல்லும் அரைக் கிலோக் கல்லும், மறு தட்டில் என் ரைபிள். முள் நட்டநடுவில் நின்றது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அப்பாவின் கை தானாகப் பசை டப்பாவுக்குப் போனது. இன்னும் ஒரு உருண்டை எடுத்து அப்பினார். ரைபிள் இருந்த தட்டு லேசாகச் சாய்ந்தது.

"அப்பா! அஞ்சரைக்கு மேல போவப்படாது!"

"அஞ்சரைதாம்ளா. தட்டு கொஞ்சம் சாயாண்டாமா? ஒருத்தருக்கும் நான் முள்ளு நடுவுல நிக்க நிறுத்ததில்ல. கொசுறெல்லாம் கணக்குல வராது."

நான் ஒரு பட்டதாரி. ஆனால் அந்தக் கடையில் பிறந்து வளர்ந்தவள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் அது எனக்கும் நியாயமாகவே பட்டது.

போட்டியன்று காலையில் அப்பா, அண்ணன் எட்வின், நான் மூவரும் போனோம். சோதனை மேஜையில் இருந்த அதிகாரி ரைபிளை எடை மெஷினில் வைத்தார். "ஓவர்வெயிட்" என்றார். அப்பா முன்னால் வந்துவிட்டார்.

"ஸாடே பாஞ்ச் ஹீ ஹை ஸாப். உப்பர் வாலா கொசுறு ஹை." (ஐந்தரைதான் சார், மேலே இருப்பது கொசுறு.)

அதிகாரி குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "கொசுறு கோன்ஸா பார்ட் ஹை?" என்று கேட்டார். அவருடைய உதவியாளர் ரைபிளைத் திருப்பித் திருப்பி, எந்தப் பாகம் கொசுறு என்று தேட ஆரம்பித்தார். அப்பா விடவில்லை. தன் கல்லில் முத்திரை இருக்கிறது, உங்கள் மெஷினில் முத்திரை எங்கே என்று கேட்டார்.

ஸாவந்த் சார் ஓடி வந்து கல்லைப் பிடுங்கிப் பார்த்தார், ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பார்த்தார். அப்பா எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை; பசை கல்லாக இறுகியிருந்தது. நேரம் வேறு முடிந்துகொண்டிருந்தது. வேறு வழியின்றி, கழற்ற முடிந்த ஒரே பொருளான பின்பக்க இரும்பு வில்லையை சார் கழற்றி எறிந்தார். எடை சரியாகிவிட்டது. ஆனால் மிச்சமிருந்த கனமெல்லாம் மூக்கில்!

அதற்குப்பின் நடந்ததை நான் எப்படிச் சொல்வது? தூக்கினால் குழல் கீழே போகிறது. நிமிர்த்தினால் இடப்பக்கம் இழுக்கிறது. வேர்வை கண்ணில் இறங்குகிறது. ஒருவழியாகக் கறுப்பு வட்டம் கண்ணுக்கு நேரே வந்து, அப்படியே அசையாமல் நின்றது. ஆகா, இதைத்தான் சார் சொன்னார் போலிருக்கிறது என்று நினைத்துச் சுட்டேன்.

என் அட்டை ஒரு ஓட்டைகூட இல்லாமல் திரும்பி வந்தது. இடப்பக்கம் நின்ற டோம்பிவிலிப் பெண், பிரிசில்லா என்று பெயர், தன் அட்டையைப் பிடித்துக்கொண்டு முழித்தாள். "அக்கா, நான் ஒண்ணுதான் சுட்டேன். இதுல ரெண்டு இருக்கு!"

ஒன்று நட்டநடுவில், பத்து. மற்றது ஓரத்தில். எது யாருடையது என்று நடுவர்களால் சொல்ல முடியவில்லை. அப்படிப்பட்ட சமயத்தில் அட்டைக்காரருக்கே உயர்ந்ததைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அவளுக்குப் பத்து. எனக்கு முட்டை.

தேர்வான பட்டியலில் கடைசிப் பெயர் பிரிசில்லா. அந்தப் பத்து இல்லையென்றால் அவள் உள்ளே இல்லை. (அந்தப் பத்து கிடைத்திருந்தாலும் நான் உள்ளே இல்லை. இதை மட்டும் வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.)

லோக்கல் ரயிலில் ரைபிள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். குர்லா வந்ததும் அப்பா என் தலையைத் தடவி, "போட்டும் பிள்ள, அந்தப் பிள்ளைக்கு ஒரு கொசுறு குடுத்ததா நெனச்சுக்கோ" என்றார். எனக்கு அழுகை இன்னும் கூடியது. அம்மா சொன்னபடி ரைபிள் பரணுக்குப் போயிற்று, எடைக்கல்லோடு. நான் செம்பூரில் ஒரு பேங்கில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

ஆனால் தங்கைக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அன்றைக்கு டோம்பிவிலிக்காரியிடம் போனானே எட்வின், அவன் மன்னிப்புக் கேட்டு முடிக்க இரண்டு வருஷம் ஆனது. இப்போது பிரிசில்லா என் அண்ணி.

அந்தப் பத்து தன்னுடையது என்று அவள் இன்னும் சாதிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி பரிமாறும்போது என் தட்டில் மட்டும் ஒரு துண்டு கூடுதலாக விழும். "இந்தா, கொசுறு" என்பாள். எனக்குச் சுர்ரென்று ஏறும்.

"கறியெல்லாம் வேண்டாம். எம் பத்தக் குடு!"

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். "குடுத்த கொசுற திருப்பிக் கேக்கப்படாது, பிள்ள. கடைக்குப் பேரு கெட்டுப்போவும்" என்பார்.