கழன்று ஓடிய சக்கரமும் கைக்கு வராத சாவியும்

மதிப்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் சொல்லச் சொல்ல மாமியார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். கார் மட்டும் நலமில்லை. அங்கே நீங்களும், என் மகளும், நீங்கள் பிடுங்கிக்கொண்டு போன என் கார்ச் சாவியும் நலந்தானா?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால்தான் எதுவும் மறப்பதில்லை. எழுதிவைக்கிறவர்களுக்குத்தான் மறதி. நீங்கள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது தள்ள வேண்டிய கேட்டை இழுத்தே தீருவேன் என்று நின்று, கடைசியில் கொண்டியைக் கையோடு பெயர்த்துக்கொண்டு வந்து, "இது உங்களுதா மாமா?" என்று கேட்டீர்கள். அது நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. அப்படிப்பட்ட ஞாபகசக்தியோடு சொல்கிறேன்: சக்கரம் கழன்றது நான் ஓட்டியதால் இல்லை, நீங்கள் நட்டு முடுக்கிய லட்சணத்தால்.

போன மாதம் நீங்கள் வந்திருந்த அன்று என் காரின் முன்சக்கரம் பஞ்சர். தலை நரைக்கும் வரை லாரி ஓட்டியவன் நான், ஸ்டெப்னியை மாட்ட எழுந்தால், "நீங்க உக்காருங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்று சட்டையைக் கழற்றினீர்கள். பார்த்துக்கொண்டது என்னவோ செல்போனைத்தான். அதில் ஒருவன் சக்கரம் மாட்டுகிறான், நீங்கள் அவனைப் பார்க்கிறீர்கள், உங்களை நாங்கள் பார்க்கிறோம், தெருவே எங்களைப் பார்க்கிறது. ஒரு நட்டை மாட்டினால் விரலால் முதலில் சுற்றிவிட்டு, அது தன் தடத்தில் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். நீங்களோ எடுத்த எடுப்பில் ஸ்பேனரைப் போட்டு, அது கிறீச்சென்று அழ அழத் திருப்பினீர்கள். மேலே ஒன்று முடுக்கினால் அடுத்து அதற்கு நேர் கீழே, பிறகு இடது, பிறகு நேர் வலது, இப்படி எதிரும் புதிருமாகத்தான் போக வேண்டும், அப்போதுதான் சக்கரம் ஒரு பக்கம் சாயாமல் சமமாக உட்காரும். நீங்கள் பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி வரிசையாக வந்தீர்கள். வண்டி ஜாக்கியில் நிற்கும்போது லேசாகத்தான் பிடிக்க வேண்டும், இறக்கித் தரையில் நிறுத்தியபிறகுதான் கடைசி முடுக்கு. நீங்கள் அந்தரத்திலேயே முழு வீரத்தையும் காட்டினீர்கள், வண்டி ஜாக்கியோடு ஆடியது, உங்கள் அத்தை "ஐயோ" என்றாள், அதைப் பாராட்டு என்று நினைத்து ஸ்பேனர் மேல் ஏறி இரண்டு குதி குதித்தீர்கள். கையால் முடுக்குவதற்குத்தான் அது, மாப்பிள்ளை. குதிப்பதற்கு இல்லை. (இதை எழுத வேண்டாம், அவர் மனசு கஷ்டப்படும் என்றேன். "எழுதுடி, படட்டும்" என்கிறார்.)

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? மாப்பிள்ளையாயிற்றே. முகத்துக்கு நேரே சொன்னால் மரியாதையா? நீங்கள் கையைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போனீர்கள், பாட்டு வேறு. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுத் தையல்காரர் வந்து, எங்கள் குழாய்த் தண்ணீர் அவர் வாசலில் தேங்குகிறது என்று குதித்தார். அவர் சொன்னது, நான் சொன்னது, அவர் அப்பாவைப் பற்றி நான் சொன்னது எல்லாம் வரிக்கு வரி சொல்வேன். என் கையில் ஸ்பேனர் இருந்ததால்தான் அந்த ஆள் கொஞ்சம் அடங்கிப் போனார். அந்தச் சண்டையில் எனக்குத் தலைவலி வந்து, காபி குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் நீங்கள் புறப்பட்டுப் போனபின் நானும் உங்கள் அத்தையும் காரில் கடைத்தெருவுக்குக் கிளம்பினோம். டக் டக்கென்று ஒரு சத்தம். "என்னங்க சத்தம்?" என்றாள். "உன் பைல இருக்கற டப்பாதான்" என்றேன். பள்ளிக்கூடத்து வளைவு தாண்டியதும் எங்களை முந்திக்கொண்டு ஒரு சக்கரம் தனியாகப் போகிறது. "பாவம், யாரோடதோ கழண்டு போகுது பாருங்க" என்றாள். "கவனங்கெட்ட பய எவனோ, இவனுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்" என்று திட்டினேன். திட்டி முடிப்பதற்குள் நம் கார் மண்டி போட்டது. சக்கரமோ சலூனுக்குள் போய்க் காலி நாற்காலியில் சாய்ந்து நின்றது. "கட்டிங்கா ஷேவிங்கா?" என்று சலூன்காரர் கேட்டதற்கு இன்றுவரை தெருவே சிரிக்கிறது. யாருக்கும் அடியில்லை. என் மானத்துக்குத்தான்.

சேதி கேட்டு ஓடி வந்தீர்கள். வந்தவர் சக்கரத்தைப் பார்த்தீர்களா? நட்டைப் பார்த்தீர்களா? "மாமாவுக்கு வயசாயிடுச்சு, இனிமே ஓட்ட வேணாம்" என்று சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டீர்கள். என் மகளும் தலையாட்டினாள். மெக்கானிக் சக்கரத்தை மாட்டிவிட்டுப் போய்விட்டார், ஓட்டத்தான் சாவி இல்லை. நான் வெளியே போக வேண்டுமென்றால் இப்போது பஸ்தான். பஸ்ஸின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பக்கத்தில் நிற்கிறவரிடம் "இது எங்க போகுதுங்க?" என்று கேட்க வேண்டும். ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போர்டுலயே இருக்கே" என்றார். என் காரில் ஏறினால் நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை, மாப்பிள்ளை. எந்தத் திருப்பமும் எனக்கு மறக்காது.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் சாவி வந்து சேர வேண்டும். அடுத்த முறை யார் சக்கரம் மாட்டினாலும் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, நட்டு பிடித்திருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்க்கவும். உங்கள் அத்தை நலம், தினமும் காலையில் நடக்கப் போகிறாள், எவ்வளவு நடந்தும் ஒரு சுற்றுகூட இளைக்கவில்லை. நீங்களும் என் மகளும் பிள்ளைகளைப் பெற்று, நிறைந்த வாழ்வு வாழ்ந்து, உங்களுக்கும் உங்களைப் போலவே ஒரு மாப்பிள்ளை வாய்க்க வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு, அன்பு மாமனார்.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை. உங்கள் விலாசம் எழுதுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நீங்கள் குளிக்கப் போனதும், "மாப்பிள்ளைக்குத் தெரியாம நான் சரியா முடுக்கிடறேன்" என்று நாலு நட்டையும் தளர்த்தினவர் இவர்தான். அடுப்படி ஜன்னலில் இருந்து பார்த்தேன். தளர்த்தி முடிக்கவும் தையல்காரர் வந்தார். ஸ்பேனரோடு போனவர் அப்படியே போய்ப் படுத்துவிட்டார். திரும்ப முடுக்கியிருப்பார் என்று நானும் இருந்துவிட்டேன். சண்டை வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது, நட்டுதான் மறந்துவிட்டது. சொன்னால் ஒரு வாரம் சாப்பிடமாட்டார் என்று நானும் சொல்லவில்லை. பழியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு வயசிருக்கிறது, தாங்குவீர்கள்.

ஆனால் சாவியை அனுப்பிவிடுங்கள். அவருக்கு இல்லை, எனக்கு. காலையில் நான் போவது நடக்க இல்லை, டிரைவிங் ஸ்கூலுக்கு. போன வாரம் லைசென்ஸ் வந்துவிட்டது. நேற்று அவர் சொல்லச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதியதில் எனக்கும் ஒரு லாபம், இன்று காலை நாலு சக்கரத்தையும் எதிரும் புதிருமாக நானே முடுக்கிப் பார்த்துவிட்டேன், குதிக்காமல். இனி அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லட்டும், நான் யாரையும் கேட்காமல் கூட்டிப் போகிறேன். சத்தம் கேட்டால் மட்டும் டப்பா என்று நம்பமாட்டேன்.

கீழே இருக்கிற கைநாட்டு அவருடையது. மேலே இருப்பதெல்லாம் உண்மை என்று சொல்லித்தான் வைத்திருக்கிறார்.