மகள் கொண்டுவந்த தீர்மானம்

அடுத்த வீட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் என்னைப் போல முற்போக்கான அப்பாவைக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. யார் பையன் படிப்பை விட்டுவிட்டு டிரம்ஸ் வாசிக்கப் போனாலும், "விடுங்க பாஸ், அவனவன் வழி அவனவனுக்கு" என்று தே தாரிக் டீயை உறிஞ்சிக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிடுவேன். என் வீட்டுப் பிள்ளை வாயைத் திறக்கும்வரை இந்த முற்போக்கு நல்ல ஆரோக்கியத்தோடுதான் இருந்தது.

அவள் வாயைத் திறந்தது ஒரு சனிக்கிழமை காலை, ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில். நாங்கள் சாலாக் செலாத்தானிலிருந்து கிள்ளானுக்குக் குடிமாறிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. என் அச்சகம் மட்டும் பிரிக்பீல்ட்ஸிலேயே இருந்தது. (கல்யாணப் பத்திரிகையும் அடிப்போம், கருமாதிப் பத்திரிகையும் அடிப்போம். காகிதம்தான் வேறு, கடைசி நேர அவசரம் ஒன்றுதான்.) சனிக்கிழமைகளில் மகள் தர்ஷினியும் கூட வருவாள். புதுப் பள்ளிக்கூடத்தில் அவள் நான்காம் படிவம்.

"அப்பா, நான் ஸ்கூல விட்டு நின்னுக்கறேன்."

"இன்னைக்கு சனிக்கிழமை லா. ஏற்கெனவே லீவுதான்."

"ஜோக் அடிக்காதீங்கப்பா. மொத்தமா நின்னுக்கறேன். பிரைவேட் சென்டர்ல சேந்து ஓ லெவல் எழுதறேன். எஸ்.பி.எம்-முக்கு அது ஈக்வல்தான். காலேஜ்ல எடுத்துக்கறாங்க. நான் கேட்டுட்டேன்."

ஐந்தாம் படிவம் முடித்து எஸ்.பி.எம். அரசுப் பரீட்சை எழுதாத பிள்ளையை எங்கள் சொந்தத்தில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஃபெயிலானவர்கள் உண்டு. பரீட்சை மண்டபத்தில் தூங்கியவர் உண்டு (நான்தான்). ஆனால் எழுதாதவர் கிடையாது. நான் மிக நிதானமாக, "பார்க்கலாம் மா" என்றேன். அந்த நிதானத்தில் பிரிக்பீல்ட்ஸ் திருப்பத்தைத் தாண்டி, பழைய வீட்டுக்குப் போகும் சாலையில் வெகுதூரம் போயிருந்தேன். "அப்பா, நாம வீடு மாறிட்டோம்" என்று அவள்தான் நினைவுபடுத்தினாள்.

அன்று முழுக்க நான் ஆலோசனை கேட்டேன். அறிவுள்ளவன் ஒரு பள்ளி ஆலோசகரைக் கேட்பான். நான் முடி வெட்டுகிறவரைக் கேட்டேன், தே தாரிக் போடுகிறவரைக் கேட்டேன், பத்திரிகை அடிக்க வந்த ஓர் ஆன்டியைக் கேட்டேன். அந்த ஆன்டி மாதிரி அட்டைகளைப் புரட்டியபடியே, "பொம்பளப் புள்ள படிப்ப நிப்பாட்டுதா? வயசென்ன தம்பி?" என்றார். பதினாறு என்றேன். ரோஜாப்பூ போட்ட அட்டை ஒன்றை எடுத்து என் பக்கம் லேசாகத் தள்ளினார்.

மாலைக்குள் செய்தி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. பந்திங்கிலிருந்து என் அக்கா போனில் கூப்பிட்டாள்.

"ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல? மாப்பிள்ளை எந்த ஊரு?"

"எந்த மாப்பிள்ளைக்கா?"

"எல்லாத்தையும் மறைச்சிட்டு என்னைய கேக்கறியா? புள்ள ஸ்கூல விட்டு நிக்குதாமே!"

இனித் தாமதித்தால் பேரன் பெயரையும் அக்காவே வைத்துவிடுவாள் என்று தோன்றியதால், எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். கூட்டம் போட்டேன்.

சொல்ல மறந்துவிட்டேன். நான் ஒரு கோவில் கமிட்டியின் செயலாளர். பல வருடங்களாக. மற்றவர்கள் வீட்டில் பிரச்சினை வந்தால் பேசிக்கொள்வார்களாம். எனக்கு ஒரு விஷயத்துக்குத் தலைவர், முன்மொழிபவர், வழிமொழிபவர் என்று மூன்று பேர் வேண்டும். அது இல்லாமல் யோசனையே ஓடாது. தவிர, முன்மொழிந்த தீர்மானத்தை வழிமொழிய ஆளில்லை என்றால் அது வாக்கெடுப்புக்கே வராமல் அங்கேயே செத்துப்போகும். இந்த விதியை வைத்து நான் கோவிலில் சாகடித்த தீர்மானங்கள் பல. என் மகளுடையதும் அப்படியே போகட்டும் என்று திட்டம் போட்டேன்.

தலைமை தாங்க மச்சானைக் கூப்பிட்டேன். என் மனைவி ராஜியின் அண்ணன். கோவிலிலும் அவர்தான் தலைவர். தலைவர் வழிமொழிய முடியாது. மனைவியைக் குறிப்பெடுக்கச் சொன்னேன்.

"குறிப்பெடுக்கறவங்க வழிமொழியக் கூடாது ராஜி. அது ரூல்."

"எந்த ரூல்?"

"பொதுவான ரூல்." (அன்று காலை பல் விளக்கும்போது நான் இயற்றியது.)

மிச்சம் இருந்த ஒரே ஆள் அக்கா. கல்யாணம் எதுவும் இல்லை என்று புரிந்ததும், "பொட்டப் புள்ள பாதியில நின்னா ஊரு சிரிக்கும்டா, நான் கை தூக்க மாட்டேன்" என்று போனிலேயே சத்தியம் செய்திருந்தாள். அசைக்க முடியாத வியூகம். ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளான் வீட்டில் சோபாவைத் திருப்பிப்போட்டு, மச்சான் முன்னால் ஒரு மணிகூட வைத்தேன். பூஜை மணிதான்.

மச்சான் மணியை அடித்துத் தொண்டையைச் செருமினார். "பெரியோர்களே, தாய்மார்களே..."

"அண்ணே, நாங்க நாலு பேருதான்" என்றாள் ராஜி.

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? தர்ஷினி, தீர்மானத்த வாசிம்மா."

தர்ஷினி எழுந்து நின்றாள். கையில் தாள் எதுவும் இல்லை.

"நான் இந்த வருஷக் கடைசியோட ஸ்கூல விட்டு நின்னு, வெளியில ஓ லெவல் எழுத இந்தக் கூட்டம் சம்மதிக்கணும். இதான் தீர்மானம் மாமா."

"காரணம்?"

"புதுசா சேந்தப்ப ஒரு டீச்சர் என்னைய பிரியான்னு கூப்பிட்டாங்க. அது முன்னாடி அந்த கிளாஸ்ல இருந்த பொண்ணு. இல்ல டீச்சர், தர்ஷினின்னு சொன்னேன். மறுபடியும் பிரியா. இப்ப எல்லாருமே பிரியாதான். அந்தப் பேரக் கூப்பிட்டா நானும் கையத் தூக்கறேன்."

"இது ஒரு காரணமா?" என்று நான் உள்ளே புகுந்தேன். மச்சான் மணியை அடித்தார்.

"ரீசஸ்ல டாய்லெட்ல போய் நிப்பேன். கேன்டீன்ல தனியா உக்காந்தா எல்லாரும் பாப்பாங்க. காலையில வயித்து வலின்னு சொல்றேன்ல, அப்பா மருந்து வாங்கிக் குடுப்பாங்க. அது வயித்து வலி இல்ல. ஸ்கூல் கேட்ட நெனச்சாலே வருது. கேட்டத் தாண்டி வீட்டுக்கு வந்தா போயிடுது. படிக்க மாட்டேன்னு சொல்லல மாமா. அங்க படிக்க முடியலன்னு சொல்றேன்."

உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயதில் வாய் மூடாமல் பேசிய பிள்ளை. கொஞ்ச நாளாக அமைதியாகிவிட்டாளே என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன். 'கிள்ளான் தண்ணி, பொண்ணு பொறுப்பாயிட்டா' என்று நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

ராஜி குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டாள். அக்கா கையிலிருந்த முறுக்கைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தீர்மானத்த வழிமொழியறவங்க யாராச்சும் உண்டா?" என்றார் மச்சான்.

ஒருவரும் அசையவில்லை. என் வியூகம் கச்சிதமாக வேலை செய்தது.

"ரெண்டாவது தடவை கேக்கறேன். வழிமொழிய ஆள் உண்டா?"

"வழிமொழிகிறேன்" என்று ஒரு கணீர்க் குரல் கேட்டது.

யார் அந்தத் துரோகி என்று சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வலது கை உச்சத்தில் நின்றது.

இதற்கு விளக்கம் இருக்கிறது. எங்கள் கோவில் கூட்டங்களில் தீர்மானம் முடிந்தால்தான் சாப்பாடு. நல்ல தீர்மானம், மோசமான தீர்மானம் என்ற பேதமே பார்க்காமல் மச்சான் கேட்டு வாய் மூடுவதற்குள் நான் கை தூக்கிவிடுவேன். செயலாளரின் மெத்தனத்தைக் கண்டிக்கும் தீர்மானத்தையே ஒருமுறை வழிமொழிந்திருக்கிறேன். ஆக, அன்றும் அது பழக்கதோஷம்தான். அதற்கு மேல் ஒன்றுமில்லை. இன்றுவரை இதைத்தான் சொல்லி வருகிறேன். ராஜி மட்டும் நம்பமாட்டேன் என்கிறாள்.

"வாபஸ் வாங்கறேன் மச்சான்! வாய் தவறிடுச்சு!"

"கையும் தவறிடுச்சாக்கும்?" என்றார் மச்சான். "செயலாளர் வழிமொழிஞ்சாச்சு. பதிவாயிடுச்சு. வாக்கெடுப்பு. ஆதரிக்கறவங்க?"

ராஜியின் கை பேனாவோடு எழுந்தது. தர்ஷினியின் கை. அப்புறம், முறுக்கோடு அக்காவின் கை.

"அக்கா! நீ சத்தியம் பண்ணியே!"

"பெத்தவன் நீயே தூக்கிட்ட. நான் எதுக்குடா கையக் கட்டிக்கிட்டு உக்காரணும்? புள்ள கக்கூஸ்ல நின்னு சாப்பாட்டு நேரத்த ஓட்டிருக்கு. நீ ரூல் பேசற. மானங்கெட்டவனே!"

மச்சான் மணியடித்து, தீர்மானம் நிறைவேறியது என்று அறிவித்தார். எதிர்த்து வாக்களிக்கலாம் என்று பார்த்தால், வழிமொழிந்தவன் எதிர்க்கக் கூடாதாம். எந்த ரூல் என்று கேட்டேன். பொதுவான ரூல் என்றார்.

அடுத்த வருடம் அவள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த மையத்தில் சேர்ந்தாள். தினமும் என் காரில்தான் வருவாள். காலை வயிற்று வலி போயே போய்விட்டது. பேச்சு திரும்பி வந்தது. ஃபெடரல் நெடுஞ்சாலை முழுக்க, கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ்வரை, மூச்சுவிடாமல் பேசுவாள். (பெருமைப்பட்ட அந்த அமைதியை ஒருநாள் இரவல் கேட்டுப் பார்த்தேன்; கிடைக்கவில்லை.) கணக்கில் நல்ல மதிப்பெண், மற்றதில் சுமார். காலேஜில் எடுத்துக்கொண்டார்கள். சொந்தக்காரர்கள் இன்னும் "பாதியில நின்ன பொண்ணு" என்றுதான் சொல்கிறார்கள். தங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் வேண்டுமென்றால் மட்டும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. புது ஃபிரிட்ஜோ, தர்ஷினியின் மூக்குத்தியோ, லங்காவி பயணமோ, எதுவானாலும் ஒருவர் முன்மொழிந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தி என் வலது கையைப் பார்ப்பார்கள். விருந்தாளிகளுக்கும் இந்தக் கதை காப்பிக்கு முன்பே பரிமாறப்பட்டுவிடும்.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் ராஜி திடீரென்று, "இந்த வருஷம் கோவில் தேர்தல்ல அப்பா நிக்கக்கூடாதுன்னு முன்மொழியறேன்" என்றாள். நான் உஷாரானேன். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் திணித்து, வாயில் சோற்றை அடைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தேன்.

தர்ஷினி போனிலிருந்து தலையைத் தூக்காமலே கையை மட்டும் தூக்கினாள்.

"வழிமொழியறேன்."