தறி ஓடும்போது எடுத்த காதல் படம்

சித்தூர், திருப்பதி ஜில்லா முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் டைரக்டரைப் போல வெயிலுக்குப் பயப்படாத மனுஷன் கிடைக்கமாட்டார். மே மாதத்தில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, வடமாலபேட்டையிலிருந்து எங்கள் ஊரான நகரிக்கு வந்து போனில் படமெடுத்தார். லீவு போட்டுப் போட்டு அவருடைய ஸ்ரீ சிட்டி ஃபேக்டரி வேலை ஆட்டம் கண்டிருந்தது.

கோடை லீவில் ஒரு காலேஜ் பையனுக்கு முதல் ஆசை முளைக்கிற கதை. கதாநாயகன் முதல் நாளே புழுக்கம் தாங்காமல் ஓடிவிட்டான். "இனிமே கேமராதான் ஹீரோ" என்று அறிவித்தார் டைரக்டர். கதாநாயகி எங்கள் விசைத்தறிக் கொட்டகையில் வேலை செய்த சுமதி. நிஜப் பெயர் வேண்டாம். அவள்மேல் இவருக்கு உயிர். அதைச் சொல்ல வாய் வராமல்தான் படமே எடுக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

தறியை நிறுத்தினால் அவள் கூலி போய்விடும். அதனால் மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில், தறி ஓட ஓடவே, அவள் கேமராவைப் பார்த்துப் பேசப் பேசப் படம் வளர்ந்தது. நான் தெர்மாகோல் அட்டைக்குப் பின்னால் முகம் மறைய வெளிச்சம் பிடித்தேன்.

"ஒண்ணும் கேக்கலியே டைரக்டரே?"

"மூஞ்சி பேசினா போதும்பா. வாய்ஸ் அப்பால போட்டுக்கலாம்."

ஆவணியில் சுமதியைப் புத்தூர் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். டைரக்டர் கல்யாணத்துக்கு வந்து, சாப்பிடாமலே போனார்.

தெருவுக்குப் படம் காட்டுவதற்கு முன்னால், கடைசிக் காட்சியை எனக்குக் காட்டினார். தறிச் சத்தத்தில் வளர்ந்த எங்களுக்கு உதட்டைப் பார்த்தே பேச்சு புரியும். படத்தை நிறுத்தச் சொன்னேன்.

"இந்த எடத்துல வசனம் இன்னா?"

"'என்னை மறந்துடு.'"

"அத்த அவ சொல்லவே இல்லய்யா. 'எத்தினி நாளு கேமரா பின்னாடியே நின்னுக்கினு இருப்ப? எங்க நைனாவ வந்து பொண்ணு கேளு. மாமனுக்குக் குடுத்துடுவாங்க'ன்னு உன்னாண்ட சொல்லிக்கினு இருக்கா."

டைரக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"தெருவுல எல்லாருக்கும் இது புரியுமா?"

"புரியும்."

"அவ வூட்டுக்காரருக்கு?"

"அவரும் தறிக்காரருதான்."

மொத்தப் படத்தையும் அழிக்கப் போனார். நான் கையைப் பிடித்தேன். "இந்த ஒரு சீன தூக்கினா போதாதா? மத்ததுல அவ இன்னா சொல்லிக்கிறான்னு பாக்கறேன்."

"வேணாம்பா. தாங்க மாட்டேன்."

எல்லாவற்றையும் அழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே பாய் விரித்து உட்கார்ந்தது. "போன் தண்ணில வுழுந்துட்ச்சி" என்றார். கைதட்டிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பாவி மனுஷன்! எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.