பதினாறாம் சேனலில் அத்தையின் குழம்பு

மைக்கைக் கண்டால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அது எனக்கு வியாதி என்று என் மனைவி சுமதி சொல்கிறாள். திறமை என்று நான் சொல்கிறேன். சிதம்பரம் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர் பட்டிமன்றம் என்றாலும் ஏதாவது ஓர் அணியில் நான் இருப்பேன். நடுவர் மணியடிப்பார், நான் பேசிக்கொண்டே இருப்பேன். பின்னால் வந்து யாராவது வேட்டியைப் பிடித்து இழுத்தால்தான் உட்காருவேன். (இழுத்திருக்கிறார்கள். நல்லவேளை, பெல்ட் போடும் பழக்கம் உண்டு.)

அப்படிப்பட்டவன் கையில் என் மச்சான் குமரவேல் ஒரு வயர்லெஸ் மைக்கைக் கொடுத்தான். அதுவும் நடுக்கடலில்.

குமரவேல் சுமதியின் தம்பி. வீடு கடலூர் முதுநகர். படித்தது ஒன்று, பார்க்கும் வேலை வேறொன்று, ஆசைப்பட்டது மூன்றாவதாக ஒன்று: பாய்மரப் படகு. பாண்டிச்சேரியில் யாரோ விற்ற பழைய படகை வாங்கிவிட்டான். அதைக் கடலூருக்கு ஓட்டி வரவேண்டும், கூட ஓர் ஆள் வேண்டும்.

“ஒனக்கு நீச்சல் தெரியுமா மாமா?” என்று கேட்டான்.

“பேசத் தெரியும்டா” என்றேன்.

“அப்ப வயர்லெஸ்ஸ நீ பாத்துக்க” என்று சொல்லிவிட்டான். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறிவிட்டேன்.

படகில் அவன் எடுத்த பாடம் சின்னதுதான். கப்பல் எதிரே வந்தால் பதினாறாம் சேனலில் கூப்பிட வேண்டும். எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும் பொதுச் சேனல் அது. கப்பல் பேரைச் சொல்லி, நம்ம பேரைச் சொல்லி, எங்கே இருக்கிறோம் என்று சொல்லி, ‘ஓவர்’ என்று முடித்து, பட்டனை விட்டுவிட வேண்டும். பட்டனை அழுத்தினால் நாம் பேசலாம், விட்டால்தான் அவர்கள் பேசுவது கேட்கும். “இதெல்லாம் ஒரு விஷயமா, நான் பார்க்காத மைக்கா?” என்று கையை ஆட்டிவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் காற்று சுத்தமாக நின்றுபோனது. பாய் துவண்டு தொங்கியது. சரி, இன்ஜினைப் போடலாம் என்று குமரவேல் கயிற்றை இழுத்தான். அது இருமியது. மறுபடி இழுத்தான், மறுபடி இருமியது. அந்த நேரம் பார்த்துத்தான் தெற்கே கப்பல் ஒன்று தெரிந்தது.

“அழகா இருக்கு இல்ல?” என்றேன். போட்டோகூட எடுத்தேன்.

குமரவேல் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். முகம் மாறியது. “மாமா, அது இருக்குற பக்கம் மாறவே இல்ல. அப்டியே நின்னாப்புல இருக்கு, பெருசா மட்டும் ஆவுது. நேரா நம்ம மேலதான் வருது. கூப்புடு!”

மைக்கை எடுத்துக்கொண்டேன். ஆனால் எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது? கப்பல் பேரைக் காட்டும் ஆப் ஒன்று போனில் இருந்தது. டவர் போனதால் அது சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. பைனாகுலரை எடுத்தேன். கொஞ்சம் சாய்வாகத் தெரிந்த கப்பலின் விலாவில், பனைமர உயரத்துக்கு, ‘வெல்டோரா’ என்று எழுதியிருந்தது. சிதம்பரம் - கடலூர் ரூட்டில் பஸ் பிடித்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் பிரைவேட் பஸ்ஸின் பக்கவாட்டில் பெரிசாக என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அதன் பேர். கப்பலுக்கு மட்டும் வேறு சட்டமா?

பட்டனை அழுத்தினேன். “ரெஸ்பெக்டட் வெல்டோரா கேப்டன் அவர்களே! ஹியரிங் ஆல் அதர் கேப்டன்ஸ்! குட் ஆஃப்டர்நூன். ஐ ஆம் சபேசன், ஃப்ரம் சிதம்பரம், எ வெரி ஃபேமஸ் டெம்பிள் டவுன்...”

இன்னும் நிறையப் பேசினேன். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பதிலும் வரவில்லை.

“பதிலே சொல்ல மாட்டேங்குறான்டா! எவ்ளோ திமிரு பாரு!” என்று குமரவேலிடம் கத்தினேன். கட்டைவிரல் மட்டும் பட்டனிலேயே இருந்தது. பட்டிமன்றத்தில் பிடித்த மைக்கை விட்டுப் பழக்கமில்லையே.

அவன் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டே, “ஒன்னப் போய் கூப்ட்டுகினு வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்!” என்றான்.

“நான் மட்டும் ஆசப்பட்டா வந்தேன்? நீ கெஞ்சினதாலதான வந்தேன்! சாகத்தான் போறோம், ஒண்ணு சொல்லிட்டே சாவுறேன். உங்கம்மா வைக்கிற மீன் கொழம்புல உப்பே இருக்காதுடா! வருஷக்கணக்கா ‘நல்லாருக்கு அத்தை’ன்னு பொய் சொல்லிச் சொல்லி முழுங்குறேன். என் நாக்கே செத்துப்போச்சு!”

அவன் திரும்பி, “ஒனக்கு மட்டுமா? நாங்களும் அதத்தான் திங்கிறோம்!” என்று அலறினான்.

அதற்குமேல் தெய்வம்தான் கதி. நடராஜருக்கும் திருவந்திபுரம் பெருமாளுக்கும் சேர்த்துக் கும்பிட இரண்டு கையும் தேவைப்பட்டது. மைக்கைக் கீழே போட்டேன்.

போட்ட அடுத்த நொடியே அதிலிருந்து குரல் வந்தது. தமிழ்!

“அண்ணே, அப்பாடா, பட்டன விட்டீங்களா? ‘வெல்டோரா கிரேஸ்’லேருந்து பேசுறேன். வெல்டோராங்கறது கம்பெனி பேருண்ணே, எங்க கப்பல் எல்லாத்துலயும் அதத்தான் எழுதியிருப்பாங்க. கப்பல் பேரு முன்னாடி மூக்குல சின்னதா இருக்கும். உங்கள அப்பவே பாத்துட்டோம், திரும்பிக்கினே இருக்கோம், பயப்படாதீங்க. நானும் கடலூர் பக்கம், நெல்லிக்குப்பம்தான். ஓவர்.”

நிமிர்ந்து பார்த்தேன். கப்பல் நிஜமாகவே ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. “தம்பி, நீ நல்லாருக்கணும்! ஓவர்” என்றேன். வாழ்க்கையிலேயே நான் பேசிய மிகச் சின்னப் பேச்சு அது.

“சரிண்ணே. கொழம்பு விஷயமெல்லாம் பதினாறுல பேசாதீங்க. கரை வரைக்கும் கேக்கும். ஓவர்.”

நானும் குமரவேலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். “மாமா,” என்றான் மெதுவாக, “எங்க எதிர்வூட்ல மீன்புடி படகு வச்சிருக்காங்க. அவுங்க வூட்லயும் வயர்லெஸ் இருக்கு. நாம கடல்ல இருக்கறதால அம்மா அங்கதான் ஒக்காந்திருக்கும்.”

அப்புறம் காற்று வந்தது. எனக்கு வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

துறைமுகத்தில் அத்தையும் சுமதியும் நின்றிருந்தார்கள். அத்தையின் கண் சிவந்திருந்தது. மகனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் குனிந்துகொண்டேன்.

“உப்பு இல்லன்னா சொல்ல வேண்டியதுதான மாப்ள? சாவப் போறப்பதான் சொல்லணுமா?”

“தெரியாம வந்துடுச்சு அத்தை...”

“ஒங்களுக்கு பிரஷரு ஜாஸ்தின்னு இவ வந்து அழுதா. அன்னையிலேருந்துதான் கொறைச்சேன். தனியா வச்சுப் போட்டா மனசு சங்கடப்படுவீங்கன்னு வூடே அதத்தான் சாப்புடுது.”

சுமதி வேறெங்கோ பார்த்தாள். குமரவேல், “அப்ப இவ்ளோ நாளா எனக்கும் உப்பில்லாமப் போனது இவராலதானா!” என்று தலையில் அடித்துக்கொண்டான்.   அத்தை காலில் விழலாம் என்று குனிந்தேன். “எழுந்திருங்க, எல்லாரும் பாக்குறாங்க” என்று அதட்டிவிட்டு முன்னால் நடந்தார்.

இப்போதும் முதுநகரில் சாப்பிட உட்கார்ந்தால், அத்தை குழம்பை ஊற்றிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். வீடே சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். நான் ஒரு வாய் போட்டுக்கொண்டு, “நல்லாருக்கு அத்தை” என்பேன்.

“ஓவர் சொல்லுங்க” என்பாள் சுமதி.

சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்கிறேன். உப்பு இன்னமும் இல்லைதான்.