முள்ளம்பன்றி செங்கமலமும் முடுக்கிகளின் எதிர்காலமும்

ஒரு காட்டில் சிங்கமும் நரியும் இருந்தன. அவற்றுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. வேலை இருந்ததெல்லாம் செங்கமலம் என்ற முள்ளம்பன்றிக்குத்தான். அவள் அணுக்கரு ஆராய்ச்சி செய்துவந்தாள். மலையடிவாரத்துக் குகையில் பழைய துகள் முடுக்கி ஒன்று இருந்தது. அணுக்களைத் தலைதெறிக்க ஓடவிட்டு, ஒரு தகட்டில் மோதவைத்து, சிதறுவதைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறதென்று கண்டுபிடிக்கிற இயந்திரம். அதை இயக்கியவர் பொன்னம்பலம் என்ற ஆமை. அத்தனை வேகமான சமாசாரத்தை ஓர் ஆமை கவனித்துக்கொள்வது காட்டில் யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை. அந்தக் கிழட்டு இயந்திரத்தோடு உட்கார மற்றவர்களுக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

செங்கமலம் தேடிக்கொண்டிருந்தது ஒரு விசித்திரமான அணுக்கருவை. அதில் நியூட்ரான்கள் அளவுக்கு மீறி இருக்கும். இரண்டு மட்டும் இடம் போதாமல் வெளியே தள்ளி நிற்கும், கல்யாண வீட்டில் பந்தி கிடைக்காதவர்கள் மாதிரி. அவை ஏன் கோபித்துக்கொண்டு போய்விடாமல் அங்கேயே நிற்கின்றன என்பதுதான் அவளுடைய கேள்வி. அவளுக்குக் கல்யாணம், காது குத்து, நல்ல தூக்கம் எதுவும் வாய்க்காமல் போனது இந்தக் கேள்வியால்தான். அந்தக் கோடையில் திரையில் அந்த அணுக்கரு ஒன்றிரண்டு தடவை தலைகாட்டிவிட்டு மறைந்தது.

“இன்னும் கொஞ்சம் ஓட்டினால் பிடித்துவிடலாம் அண்ணே,” என்றாள்.

“ஓட்டுவோம்மா. அது எங்கே போய்விடப் போகிறது,” என்றார் பொன்னம்பலம்.

மறுநாள் அவள் குகைக்கு வந்தபோது இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டு குரங்குகள் அதற்கு நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தவர், ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் கலாபநாதன். மயில்.

“என்ன சார் இது?”

“உலகக் காடுகளின் மாநாடு நம்மிடம் நடக்கப்போகிறதம்மா. அணுக்கரு ஆராய்ச்சியில் முடுக்கிகளின் எதிர்காலம். எல்லாரும் வந்து பார்க்கும்போது லட்சணமாக இருக்க வேண்டாமா?”

“ஓடினால் லட்சணமாகத்தான் இருக்கும் சார். ஒரு வாரம் விடுங்கள். அந்த அணுக்கரு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.”

“ஓடினால் இரையும். யார் பேசுவதும் கேட்காது. அதோடு கரண்ட் முழுக்கப் பந்தல் ஏ.சி.க்குப் போகிறது. பனிக்கரடி வருகிறார்.”

“அவரும் முடுக்கியைப் பற்றித்தானே சார் பேச வருகிறார்?”

“முடுக்கியின் எதிர்காலத்தைப் பற்றி,” என்று திருத்திவிட்டு மயில் நகர்ந்தார்.

மாநாடு அமர்க்களமாகத் தொடங்கியது. பனிக்கரடி தம் நாட்டுப் பனிக்கு அடியில் தோண்டப்போகும் முடுக்கியை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். கங்காரு அதைவிடப் பெரிய வட்டம் வரைந்தார். அது பாலைவனத்தையே சுற்றி வந்தது. கடைசியில் கலாபநாதன் எழுந்து தோகையை விரித்தார். “நம் முடுக்கி இந்தக் காட்டையே சுற்றி வரும். குறுக்கே ஆறு வந்தால் ஆறு ஒதுங்கிக்கொள்ளும்,” என்றார். ஆற்றிலிருந்து வந்திருந்த நீர்நாய்களும் கைதட்டின.

அதில் என்ன கண்டுபிடிக்கப்போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. கட்டி முடித்ததும் அது தானாகத் தெரியும் என்பது பொதுவான அபிப்பிராயமாக இருந்தது.

செங்கமலம் எழுந்தாள். “புதியது வரும்வரை பழையதை ஓட்டலாமா?”

“ஆழமான கேள்வி,” என்றார் பனிக்கரடி. “இதற்கென்றே தனியாக ஒரு மாநாடு வைக்க வேண்டும்.” பலத்த கைதட்டல். தேநீர் வந்தது.

அவள் பக்கத்திலிருந்த கங்காருவிடம் மெதுவாகக் கேட்டாள்: “உங்கள் காட்டில் இப்போது எந்த முடுக்கி ஓடுகிறது?”

“ஓடுகிறதா?” கங்காருவுக்கு அந்த வார்த்தையே புதிதாக இருந்தது. “நாங்கள் திட்டமிடுகிறோம்.”

அதற்கு மேல் செங்கமலத்தால் உட்கார முடியவில்லை. மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டுக்கு எழுந்ததும் நேராகக் குகைக்குப் போனாள்.

“அண்ணே, ஓட்டுங்கள்.”

“வேலை போய்விடும்மா.”

“போகட்டும்.”

பொன்னம்பலம் ஓட்டுக்குள் தலையை இழுத்துச் சிறிது நேரம் யோசித்தார். பிறகு வெளியே நீட்டி, பந்தலுக்குப் போன கரண்டைக் குகைப் பக்கம் திருப்பிவிட்டார். இயந்திரம் இரைந்தது. அங்கே ஏ.சி. நின்று, பனிக்கரடி மயங்கிச் சரிந்து, நாலு யானைகள் அவர்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தன. இங்கே திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வெயில் தாழும்போது அந்த அணுக்கரு சந்தேகத்துக்கு இடமில்லாமல் வந்து நின்றது. வெளியே நின்ற இரண்டு நியூட்ரான்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. தனித்தனியாக இருந்தால் எப்போதோ போயிருக்கும், சேர்ந்திருந்ததால் நின்றன. செங்கமலம் அழுதாள். ஆமை பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

படத்தை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு ஓடினாள். கலாபநாதன் கொத்திக் குதறப்போகிறார் என்று நினைத்தாள். அவரோ படத்தைப் பார்த்து மேடையிலேயே ஓர் ஆட்டம் போட்டார்.

“சரித்திர சாதனை. நம் பழைய முடுக்கி தன் பிறவிப் பயனை அடைந்துவிட்டது. இனி அது செய்ய வேண்டியது எதுவும் பாக்கியில்லை. இன்றோடு மூடுகிறோம்.”

“சார், இதில்தான் கேள்வியே ஆரம்பிக்கிறது. அடுத்த அணுக்கரு—”

“கண்டுபிடிக்காமலிருந்தால் உபயோகமில்லை என்று மூடியிருப்போம் அம்மா,” என்றார் மயில் அன்பாக. “நீங்கள் அந்தக் கெட்ட பெயரிலிருந்து அதைக் காப்பாற்றிவிட்டீர்கள்.”

நனைந்த பனிக்கரடி அதை வழிமொழிந்தார். குகையில் புதிய முடுக்கியின் திட்ட அலுவலகம் வந்தது. பொன்னம்பலம் ஆற்றோரம் போய்விட்டார். செங்கமலத்தை எதிர்காலக் குழுவின் தலைவியாக்கினார்கள். மறுக்கத்தான் நினைத்தாள்; ஆனால் முடுக்கியே இல்லாத காட்டில் வேறு என்ன செய்வது?

தலைவியானபின் வந்த முதல் மாநாட்டில் அவள் எதுவும் பேசவில்லை. இரண்டாவதில், கட்டுமானம் எப்போது தொடங்கும் என்று கேட்டாள். அவளுக்கு மாலை போட்டார்கள். மூன்றாவது மாநாட்டில் கங்காருவின் வட்டத்தையும் தன் காட்டின் வட்டத்தையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். தன்னுடையது ஒரு விரற்கடை சின்னதாக இருப்பதைப் பார்த்ததும் அவள் முதுகில் அத்தனை முள்ளும் குத்திட்டு நின்றது. விடுவிடுவென்று மேடையேறி, பென்சிலை வாங்கி, கடலையும் சேர்த்து வளைத்துப் போட்டாள்.

நீதி: ஓடுகிற இயந்திரத்துக்கு எதிர்காலம் கிடையாது, எதிர்காலம் உள்ள இயந்திரத்துக்கு ஓட வேண்டிய கட்டாயம் கிடையாது. ஆகவே, அறிவாளிகளே, பென்சிலைக் கூராக வைத்திருங்கள்.